எட்டிப்பார்த்தவர்

கல்லுக்குக் கண் திறந்துவிட்டவன் மேல் அந்தக் கண்ணின் முதல் பார்வை விழக் கூடாது என்கிறார்கள். விழுந்துவிட்டால் அது யாருடைய குற்றம்? பார்த்த கண்ணுடையதா, திறந்த கையுடையதா, இரண்டுக்கும் நடுவில் கண்ணாடி பிடிக்க வேண்டியிருந்தும் பிடிக்காதவர்களுடையதா? கல்லறைக்கல் எழுதுகிற அந்த மனிதர் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதில்லை. அதற்கு மற்றவர்கள் சொன்ன பதிலை மட்டும் வாழ்நாளில் பெரும்பகுதி சுமந்தார்.

இடுகாட்டு வாசலுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட பட்டறை அவருடைய வேலை இடம். அறுத்து மெருகேற்றிய கற்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருக்கும். பெயருக்காகக் காத்திருக்கிற கற்கள். தண்ணீர் ஊற்றி அறுத்தாலும் தூசி அடங்காது. அவர் புருவமும் காதுமடலும் எப்போதும் வெளுத்திருக்கும். அப்பா அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தினவர். மகன் பிழைக்க வந்த இடத்தில் செத்தவர்களின் பெயரைக் கொத்தினார். "கல்லு ஒண்ணுதான், மேல என்ன வைக்கிறோம்ங்கறதுதான் வேற" என்பார்.

அவருடைய சொந்த ஆட்கள் செத்தவர்களைப் புதைக்காமல் எரிக்கிறவர்கள். அதனால் அவர்களிடமிருந்து அவருக்கு வேலையும் வரவில்லை, நல்லது கெட்டதுக்கு அழைப்பும் வரவில்லை. காலையில் வேலைக்குப் போகிற வழியில் அவர் எதிரே வந்துவிட்டால், தலைவலி என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிடுகிற கனவான் ஒருவர் அந்தத் தெருவில் இருந்தார். மற்றவர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. சும்மா எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொள்வார்கள்.

கோயில் அப்போது கோயிலாக இல்லை. முதலில் ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்த வாடகை அறையில் சட்டம் போட்ட படம் ஒன்று. கீழே இயந்திரங்கள் சுற்றும்போது மேலே அம்மன் நடுங்குவாள். பிறகு டயர் கிடங்கு ஒன்று மலிவாக வந்தது. ரப்பர் நாற்றம் போக மாதக்கணக்கில் சாம்பிராணி போட்டார்கள். தலைவர் என்று எல்லோரும் அழைத்த காப்பீட்டு முகவர் ஊர் ஊராகப் பேசி, அம்மனைக் கல்லில் செய்யக் கொடுத்தார். மரப்பெட்டியில், வைக்கோலுக்கு நடுவில், கப்பலில் அம்மன் வந்து சேர்ந்தாள். கண்கள் மட்டும் திறக்கப்படவில்லை. கண்விழியின் கோட்டைக் கடைசி நாளில்தான் கீறுவது வழக்கம். சிலை செய்த ஸ்தபதியே நேரில் வந்து கீறுவதாக ஏற்பாடு. பெட்டிக்குள் சின்ன உளியும் தங்க ஊசியும் துணியில் சுற்றி வந்திருந்தன. ஸ்தபதிக்கு மட்டும் நாட்டுக்குள் வர அனுமதிச் சீட்டு மறுக்கப்பட்டுவிட்டது.

நாள் குறித்தாயிற்று, அழைப்பிதழ் போயாயிற்று. தலைவர் இடுகாட்டு வாசலில் காரை நிறுத்தி, மூக்கில் கைக்குட்டையோடு பட்டறைக்குள் வந்தார்.

"தம்பி, ஒரு உதவி வேணும். வெளியே சொல்லக் கூடாத உதவி."

"அப்படின்னா அது உதவி இல்லண்ணே, களவு."

தலைவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். திரை போட்டுவிடலாம். உள்ளே குருக்கள், தலைவர், இவர், அவ்வளவுதான். வெளியே ஸ்தபதி வந்து போனதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"என் கையால திறந்தா என்னண்ணே தப்பு?"

"தப்புன்னு நான் சொல்வேனா? ஆனா சனங்க வாய் இருக்கே. பொணத்துக்குக் கல்லு வைக்கிற கை, அம்மன் கண்ணுல பட்டுதுன்னு தெரிஞ்சா ஒருத்தி விளக்குக்கு எண்ணெய் கொண்டுவர மாட்டா."

அவர் ஒப்புக்கொண்டார். ஏன் ஒப்புக்கொண்டார் என்பதில் புதிர் ஒன்றும் இல்லை. மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். அந்த நேரத்தில் ஒரு நல்ல காரியத்தில் கை வைத்தால் அது வீட்டுக்குள்ளும் வரும் என்று நினைத்தார். எல்லா மனிதர்களும் நினைக்கிற மாதிரிதான்.

அன்று விடிந்ததும் குளித்து, ஈர வேட்டியோடு திரைக்குள் போனார். வெளியே நாற்காலிகள் இழுபடும் ஓசை. குருக்கள் மந்திரத்தை முடித்து, "கண்ணாடி" என்று கை நீட்டினார். முதல் பார்வையை வாங்கிக்கொள்ளத்தான் கண்ணாடி. அதைச் சிலைக்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் கண்ணைத் திறக்க வேண்டும்.

"கார்ல இருக்கு" என்றார் தலைவர்.

"கார் எங்க?"

"உங்க மாமியாரக் கூட்டிட்டு வரத்தான் போயிருக்கு சாமி."

குருக்கள் வாயை மூடிக்கொண்டார். கல்லறைக்கல்காரர் உளியைக் கீழே வைத்தார். "வரட்டும்ணே. கண்ணாடி வந்தப்புறம் பண்ணிக்கலாம்."

"நல்ல நேரம் முடியப்போவுது. நீ போடு."

"குருக்களே, நீங்க சொல்லுங்க."

குருக்கள் தரையைப் பார்த்தார். தலைவர், "நான் சொல்றேன், போடு. என்ன வந்தாலும் என் தலையில" என்றார். சொல்லிவிட்டு அவரும் குருக்களும் சிலைக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றுகொண்டார்கள்.

திரும்பி நிற்க முடியாதவர் ஒருவர்தான். கல்லைப் பார்க்காமல் கல் வேலை செய்ய முடியாது. வலது கண், பிறகு இடது கண். மெல்லிய கோடு, அதற்குள் ஒரு புள்ளி. கல்தூள் விழிக்குள் தேங்கி நின்றது. கண்ணில் தூசி விழுந்த பிள்ளைக்கு ஊதுவதுபோலக் குனிந்து ஊதினார். ஊதிவிட்டு நிமிர்ந்தபோது அம்மன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பயமாக இல்லை. வேலை நேராக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தார்.

குழந்தை செத்துப் பிறந்தது. பெண் குழந்தை.

பெரியவர்களை எரித்தாலும் அத்தனை சின்ன உடம்பைப் புதைப்பதுதான் முறை. இடுகாட்டின் ஓரத்தில், பட்டறையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் குழி. அன்று துக்கம் கேட்க வந்த பெண்களில் ஒருத்தி சமையலறை வாசலில் நின்று இன்னொருத்தியிடம் சொன்னாள்: "ஸ்தபதி கண்ணத் திறக்கறப்ப இந்த ஆளு திரையை விலக்கி எட்டிப் பாத்தாராமே. தலைவரே சொன்னாரு. மொதப் பார்வை அப்படியே இவரு மேல. பாவம், இந்தப் பொண்ணு என்ன பண்ணுவா."

உள்ளே படுத்திருந்தவளுக்குக் கேட்கும்படியான குரல் அது. கேட்க வேண்டும் என்றுதான் அந்தக் குரல்.

தலைவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. கண்ணாடி காருக்குள் கிடந்ததைக் கார் கழுவுகிறவன் பார்த்துவிட்டான். கேள்வி கிளம்பியது. குழந்தையும் போய்விட்டது. ஒரு துக்கம் தயாராக இருக்கும்போது ஒரு பொய்யை அதன் மேல் சாய்த்து வைப்பது சுலபம்.

அவர் தலைவர் வீட்டுக்குப் போனார். தலைவர் வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"சும்மா இரு தம்பி. எட்டிப் பாத்தன்னு சொன்னா, ஏதோ ஆர்வத்துல பண்ணிட்டான்னு விட்டுருவாங்க. கண்ணத் தொறந்ததே நீதான்னு தெரிஞ்சா, கோயிலையே மூடணும். ஒன் ஒருத்தனுக்காகவா?"

"என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லுங்கண்ணே. எட்டிப் பாக்கல, நீங்க சொல்லித்தான் செஞ்சேன்னு. ஒரு வார்த்தை."

"ஒருத்திகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. பாக்கலாம், பாக்கலாம்."

அவரே மனைவியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டு முடித்து, போர்வையை இழுத்துக்கொண்டாள். நம்பவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அதிலிருந்து அவருக்குப் பெயர் 'எட்டிப்பாத்தான்'. முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு முகத்துக்கு நேராக. கோயிலில் கொடிமரம் வரைக்கும் அவர் வரலாம் என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. குழு அதைத் தண்டனை என்று சொல்லவில்லை. "அவரோட நல்லதுக்குத்தான்" என்றது. வெள்ளிக்கிழமைதோறும் மனைவியைக் கூட்டி வருவார். அவள் உள்ளே போவாள். அவர் கொடிமரத்தடியில் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் சரவிளக்கின் வெளிச்சமும் முன்னால் நிற்கிறவர்களின் பின்னந்தலைகளும்தான் தெரியும். யாராவது பிள்ளை ஒன்று ஓடி வந்து, தூணுக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்துக் காட்டிவிட்டு ஓடும். பெற்றவர்கள் அதட்டுவார்கள்; அதட்டும்போது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்வார்கள்.

வீட்டில் அவள் கத்தியதில்லை, அழுததில்லை. வேறு விதமாகச் செய்தாள். வேலை முடிந்து வந்தால் கொல்லைக் குழாயில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், உறைகிற குளிரிலும். அவர் துணியைத் தனி வாளியில் துவைத்தாள். சாப்பாடு போட்டால் தட்டைத் தரையில் வைத்துத் தள்ளுவாள். எப்போதாவது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தால், "பாத்தது போதும்" என்பாள். அந்த இரண்டு சொல் அந்த வீட்டில் எத்தனை தடவை சொல்லப்பட்டிருக்கும் என்று கணக்கில்லை. மறுபடி பிள்ளை உண்டாகவில்லை. உண்டாவதற்கு வழியும் இல்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை அந்த ஒரு வார்த்தை. தலைவர் தன் வாயால், அவள் காதில் சொல்ல வேண்டிய வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் கதவு திறந்துவிடும் என்று நம்பினார். குருக்கள் எப்போதோ வேறிடம் போய்ச் செத்தும் போனார். மீதி இருந்த ஒரே சாட்சி தலைவர்தான். அவர் உடம்புக்கு ஏதாவது என்று கேள்விப்பட்டால் மற்ற எல்லோரையும் விட இவர்தான் அதிகம் கலங்கினார். தலைவரின் ஆயுளுக்காக மனதார வேண்டிக்கொண்ட ஒரே ஆள் கொடிமரத்தடியில் நின்றவர்தான்.

டயர் கிடங்கை இடித்துவிட்டுக் கோபுரத்தோடு கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடியும் வரை அம்மனின் சக்தியைக் குடத்துத் தண்ணீரில் இறக்கி வைத்து, சிலையைப் பக்கத்துக் கொட்டகைக்கு நகர்த்த வேண்டும். கல் தூக்குகிற சங்கிலியும் கப்பியும் ஊரில் ஒருவரிடம்தான் இருந்தன. அவரைக் கூப்பிடலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டபோது, "எட்டிப்பாத்தானையா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுச் சாமான் மாற்றிக் கொடுக்கிற ஆட்களைப் பிடித்தார்கள். அவர்கள் குளிர்பதனப் பெட்டியைச் சாய்க்கிற மாதிரி அம்மனைச் சாய்த்தார்கள். அபயம் காட்டுகிற கையின் விரல்கள் படியில் மோதி உடைந்து விழுந்தன.

ஊனமான சிலையைக் கும்பிடக் கூடாது. புதுச் சிலைக்குச் சொல்லி அனுப்பினார்கள். பழையதைக் கடலில் விட வேண்டும். கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றும் வாசலில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் தலைவர் பட்டறைக்கு வந்தார். இப்போது கைக்குட்டை இல்லை, கைத்தடி இருந்தது. பட்டறை இப்போது கல்லறைக்கல்காரருக்கே சொந்தம்.

"சிலையை நீயே எடுத்துட்டு வந்து வச்சுக்க. படகு ஏற்பாடு பண்ற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்."

"நான் தொடலாமாண்ணே?"

"இப்பத் தொடலாம்ப்பா. சக்தியக் குடத்துல எறக்கியாச்சில்ல. இப்ப அது வெறும் கல்லு."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். தலைவர் கல்வெட்டு வாசகம் எழுதிய தாளை நீட்டினார். சலவைக்கடை மாடி, டயர் கிடங்கு, கப்பலில் வந்த அம்மன், அதற்குப் பிறகு: 'கடல் கடந்து எழுந்தருளிய ஸ்தபதியார் தம் திருக்கரத்தால் அம்மன் திருக்கண்களைத் திறந்தருளினார்.'

"இத என் கையால வெட்டணுமா?"

"ஒன்ன விட்டா யாரு இருக்கா?"

"வெட்டறேன். நீங்க என் வீட்டுக்கு வந்து அவகிட்ட அந்த வார்த்தையச் சொல்லணும்."

தலைவர் யோசித்தார். இனி என்ன கெட்டுப்போகப் போகிறது என்று அவருக்கும் தோன்றியிருக்கும். "கல்லு வாசல்ல நிக்கட்டும். மறுநாளே வந்து சொல்றேன்."

கல்லில் பொய் எழுதுவது அவருக்குப் புதிதல்ல. ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத பிள்ளைகளின் சார்பில், அன்பே உருவான தந்தை என்று வாழ்நாளெல்லாம் வெட்டியவர். இந்த வரியையும் மற்ற வரிகளைப் போலவே வெட்டினார். ஆழம் குறையவில்லை, கோடு கோணவில்லை. பட்டறை மூலையில் உடைந்த விரல்களோடு அம்மன் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் மேல் துணி போட்டு மூடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

கல் வாசலில் நின்றது. தலைவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் மாலை வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, தேநீரை ஆற்றிக் குடித்தபடி, பழைய வேடிக்கை ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒனக்கு ஒரு விஷயம் சொல்லணும்மா. இவன் எட்டியெல்லாம் பாக்கல. கண்ணத் தொறந்ததே இவன்தான். கண்ணாடி கார்ல மாட்டிக்கிச்சு. நான்தான் போடுன்னேன். அந்தக் காலத்துல கோயிலுக்காக அப்படி இப்படி பேச வேண்டியதாப் போச்சு. மனசுல வச்சுக்காத."

கல்லறைக்கல்காரர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் கையைப் பார்த்தார். அந்தக் கை பிஸ்கட் தட்டைத் தலைவர் பக்கம் நகர்த்தியது.

"தெரியும்ணே" என்றாள். "இன்னொண்ணு எடுத்துக்குங்க."

தலைவர் எடுத்துக்கொண்டார். போகும்போது, "ஒரு பாரம் எறங்குச்சு" என்றார். அவருக்கு இறங்கியிருக்கும்.

கதவைச் சாத்திவிட்டு அவர் கேட்டார்: "தெரியும்னா?"

"நீங்க அன்னைக்கே சொன்னீங்களே."

"நம்பலன்னு நெனச்சேன்."

"நம்பாம என்ன? உங்களுக்குப் பொய் சொல்ல வருமா?"

"அப்புறம் ஏன்?"

அவள் தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கினாள். குரலில் கோபம் இல்லை. பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

"யாரையாவது நோகணும்ல. புள்ளையப் பறிகொடுத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? தலைவர நொந்தா கோயிலுக்குள்ள விட மாட்டாங்க. அம்மன நொந்தா அப்புறம் எனக்கு யாரு இருக்கா? நீங்கதான் வீட்டுல இருந்தீங்க. திருப்பிப் பேச மாட்டீங்க."

அவர் உட்கார்ந்தார். தலைவர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. சூடு இன்னும் இருந்தது. அவள் குழாயைத் திறந்து கோப்பைகளைக் கழுவினாள். கழுவி முடித்து வந்து, அவர் எதிரே தட்டைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வைத்தாள். அவர் சாப்பிடவில்லை.

கொடுமைக்குப் பெரும்பாலும் வெறுப்பு தேவைப்படுவதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு ஆள் இருந்தால் போதும். இதை அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது, "படகு நாளைக்கு" என்பது மட்டும்.

படகில் தானும் வருவதாக மறுநாள் அவள் சொன்னாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தாள். சரக்கு ஏற்றுகிற தட்டையான படகு. நடுவில் பலகை மேல் அம்மன் குப்புறக் கிடந்தாள். இரண்டு வார்ப்பட்டைகளைச் சுற்றி, கப்பியில் மாட்டியிருந்தார். குழுவிலிருந்து சிலரும் புதிய குருக்களும் வந்தார்கள். தலைவர் கரையில் குடை பிடித்து நின்றார்.

"முகம் கீழ பாத்து எறங்கணும்" என்றார் குருக்கள். "மேல பாத்துப் போனா பார்வை நம்ம மேலயே நின்னுடும். எறக்கும்போது யாரும் பாக்கக் கூடாது. எல்லாரும் திரும்பிக்கங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அன்றைக்கு மாதிரியே முதுகுகள். மனைவி திரும்பவில்லை. சேலைத் தலைப்பை விலக்கினாள். வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி.

"இப்பவாச்சும் காட்டிடலாம்ங்க" என்று கிசுகிசுத்தாள். வாழ்நாளில் அவரிடம் எதையும் இரண்டு கையால் நீட்டியிராதவள் இரண்டு கையால் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை வாங்கினார். ஒரு நொடி கையில் வைத்திருந்துவிட்டு, பலகை மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு வார்ப்பட்டையைத் தளர்த்தி, தோளைக் கொடுத்து, கல்லைப் புரட்டினார். கல் தூக்கியே கூன் விழுந்த தோள், நிதானமாகத்தான் புரட்டினார். அம்மன் மல்லாந்து, முதல் நாள் போலவே அவரைப் பார்த்தாள். விழியில் ஒட்டியிருந்த மணலை அவர் குனிந்து ஊதினார். கப்பியின் கைப்பிடியைச் சுற்றினார். கல் தண்ணீரைத் தொட்டது. நெஞ்சு மூழ்கியது, உடைந்த கை மூழ்கியது, கடைசியாக முகம். தண்ணீருக்குள் போன பிறகும் கொஞ்ச தூரம் அந்தக் கண்கள் தெரிந்தன. அவர் படகு விளிம்பில் மார்பு அழுந்தக் குனிந்து, தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முகம் கீழதானே இருந்துச்சு?" என்று குருக்கள் திரும்பாமலே கேட்டார்.

"கீழதான்" என்றாள் மனைவி.

கரைக்கு வந்து, ஈர வார்ப்பட்டைகளைப் பிழிந்து வண்டியில் போட்டபோது அவள் கேட்டாள், "ஏங்க அப்படிப் புரட்டினீங்க?" வீட்டுக்குப் போகிற வழியில் ஒருமுறை கேட்டாள். அதற்குப் பின் வந்த வருடங்களிலும், கதவைச் சாத்தாமல் படுக்கத் தொடங்கிய பிறகும், அவர் கடைசியாகப் படுக்கையில் விழுந்து கண் மங்கிக் கிடந்தபோதும் கேட்டாள். கேட்ட ஒவ்வொரு முறையும் அவர் அவள் முகத்தை மட்டும் பார்த்தார்.